ஏறாத எண்

சின்னவள் படித்த அழகை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பிறகு நடந்ததைக் கேட்டதும் பொல்லாதவள் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பொல்லாதவள் இல்லை, அவசரக்காரி. பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரண்டாலும் வரும் கேடு ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசல் மேசையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களுக்கு அலமாரிச் சாவி கொடுக்க வேண்டும், போகிறவர்களிடம் திரும்ப வாங்க வேண்டும், கேட்டால் துண்டு கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பெரிய பெரிய அதிகாரிகளையெல்லாம் "முதுகை நிமிர்த்துங்க, இன்னும் ரெண்டு" என்று அதட்டுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி கொடுத்தே கிழவியாகிவிடக் கூடாது என்று ஒரு நாள் திடீரென்று ரோஷம் வந்தது. பயிற்சியாளர் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாள்.

சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் உடம்பைக் கற்றுக்கொடுத்தார்கள். எலும்பு, தசை, மூட்டு, இதயம், நுரையீரல் என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தை முக்கி முனகித் தாண்டியவள் அதைப் பார்த்து மிரண்டுபோனாள். ஆனாலும் விடவில்லை. சாவி மேசைக்கு அடியில் விரித்து வைத்துப் படித்தாள், பேருந்தில் நின்றுகொண்டே படித்தாள், பல் துலக்கும்போது தொடை எலும்பின் பெயரைச் சொல்லிக் கண்ணாடியில் நுரை தெறிக்க விட்டாள்.

அவள் இருந்தது அக்காவின் வீட்டில். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தான் சரக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதுதான் அதிகம். அக்கா கூடத்தில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைத்தாள், பிறர் உடுப்புகளைப் பிரித்து அளவு மாற்றிக் கொடுத்தாள். பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஊருக்கெல்லாம் இடுப்பளவு குறைத்துக் கொடுக்கிறேன், எனக்குக் குறைக்கத்தான் கத்தரிக்கோல் இல்லை என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வாள். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவளுடைய சாமர்த்தியம்.

அக்காவின் முதுகுதான் சின்னவளுக்குக் கரும்பலகை. துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, அக்காவின் பழைய சட்டை மேலேயே தசைகளை வரைவாள்.

"இங்க கழுத்துல ஆரம்பிச்சு, தோள் வரைக்கும் வந்து, நடு முதுகுல முடியுது. ட்ரபீசியஸ்."

"அடேயப்பா! இவ்வளவு பெரிய ஆளு என் முதுகுல குடியிருக்கானா? இத்தனை வருஷமா ஒரு வாடகை உண்டா?"

"ஆடாதேக்கா, கோடு கோணுது."

"மெதுவாடி, கூசுது. ஆமா, அவனுக்குக் கீழ் வீட்ல யாரு?"

இப்படிச் சிரித்துச் சிரித்தே இருவருக்கும் பாதிப் புத்தகம் மனப்பாடம் ஆகிவிட்டது. அக்கா திரை தைத்துக்கொண்டே தசைப் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பாள். சின்னவள் எங்காவது தடுமாறினால் மெஷினை நிறுத்தாமலே எடுத்துக் கொடுப்பாள்.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நிஜமான ஆள் ஒருவரைச் சில வாரம் பயிற்றுவித்து, பரீட்சை நாளில் கூட்டிக்கொண்டு வந்து, தேர்வாளர் கண்ணெதிரில் பயிற்சி கொடுத்துக் காட்ட வேண்டும். "நான் இருக்கேன், வேற எவளைத் தேடப்போறே?" என்று அக்கா உடனே முன்வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் வாங்கிவிட்டாள்.

இங்கேதான் முதல் தப்பு நடந்தது.

வகுப்பில் மாஸ்டர் கேட்டார். "உங்க ஆளுங்க யாராவது தினமும் மாத்திரை சாப்பிடறாங்களா? அப்படின்னா டாக்டர் கடிதம் வாங்கின பிறகுதான் பயிற்சி. கை தூக்குங்க." அங்கங்கே கைகள் உயர்ந்தன. சின்னவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். அவிழ்ந்திருக்கவே இல்லை, பாவம், நல்லாத்தான் கட்டியிருந்தது.

அக்கா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவது அவளுக்குத் தெரியாதா என்ன? மருந்துக் கடையில் வாங்கி வருவதே இவள்தான். டாக்டரைப் பார்க்க நாள் வாங்கி, காத்திருந்து, கடிதம் வாங்குவதற்குள் இந்தப் பரீட்சை போய்விடும், அடுத்த வகுப்போடு ஆறு மாதம் கழித்துத்தான் எழுத முடியும். அதுதான் கணக்கு. ப்ரஷர் மாத்திரைதானே, பாதிப் பேர் முழுங்குகிறார்கள் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொன்னாள். மனசும் ஒப்புக்கொண்டது. வேண்டிய சமாதானம் என்றால் மனசு எதையும் ஒப்புக்கொள்ளும்.

பயிற்சி மாடிப்படியில் நடந்தது. வேலை செய்யும் கூடத்துப் பயிற்சியாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கடிகாரத்தை அக்காவின் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம் அது. வயதை வைத்துக் கணக்குப் போட்டு, துடிப்பு இந்த எண்ணுக்கு ஏற வேண்டும், ஏறினால்தான் பயிற்சி பலிக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. அக்காவுக்குக் கணக்குப் போட்டதில் நூற்று முப்பது வந்தது. கடிகாரமோ நூறைத் தொட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"மூச்சு முட்டுதுடி," என்றாள் அக்கா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"நம்பர் நூறுதான் காட்டுது. அதுக்குள்ள எப்படி முட்டும்? ஏறு."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். அக்காவின் முகம் சிவந்து, வேர்த்து, பேச்சு துண்டு துண்டாக வந்தது. சின்னவள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள். தேர்வாளர் கேட்டால் எந்த எண்ணைக் காட்டுவது என்ற கவலைதான் அவளுக்கு. பரீட்சை நெருங்க நெருங்கக் கவலை எரிச்சலானது.

"நடிக்காதேக்கா. கடிகாரம் பொய் சொல்லுமா? உன் இதயம் ஹாயா தூங்கிட்டிருக்கு. நீ முயற்சியே பண்ணல. சும்மாவா சொன்னா அம்மா? சோம்பேறி!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது.

அந்த வார்த்தைக்கு அவர்கள் பிறந்த வீட்டில் ஒரு சரித்திரம் உண்டு. அம்மா உயிரோடு இருந்தவரை அக்காவைக் கூப்பிட்டதே அப்படித்தான். வீட்டு வேலை முழுக்க அக்கா தலையில். இருந்தாலும் உடம்பு பெருத்திருந்ததால் அவள் சோம்பேறி. எலும்பும் தோலுமாக இருந்த சின்னவள் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் சுறுசுறுப்பு. அந்த அநியாயத்தைத் தெரிந்தவள், அந்த வார்த்தை பட்டால் அக்கா எப்படிச் சுருங்குவாள் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவள், அதையே எடுத்து வீசினாள்.

அக்கா கைப்பிடியை விட்டு நிமிர்ந்தாள். பிறகு சிரித்தாள். "சரி வா, இன்னிக்கு ஒரு வழி பண்ணிடலாம்," என்று பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நிற்காமல் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சின்னவள், "நில்லு, நில்லு, ஆடாம நில்லு, நம்பர் பாக்கணும்," என்று கையைப் பிடித்து நிறுத்தினாள். அக்கா நின்றாள். நின்ற இடத்திலேயே கண் செருகிச் சுவரோரமாகச் சரிந்து விழுந்தாள்.

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா அக்கா என்று கத்தினாள். படித்த பாடத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. இரண்டாம் மாடி வீட்டுக்காரி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். அக்கா தானாகவே கண்ணைத் திறந்தாள். முதலில் சொன்னது இதுதான்: "ஒண்ணுமில்லீங்க, காலையில வெறும் வயித்தோட இருந்துட்டேன். இவ மேல தப்பில்ல."

காலையில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதைச் சின்னவள் பார்த்திருந்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அக்கா சொன்னதும் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை கூசியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம், மனசு கேட்காமல் புத்தகத்தைப் பிரித்தாள். தேடவே தேவையில்லாமல் போயிற்று. இதயத்தைப் பற்றிய பாடத்தில், அவளே மஞ்சள் மை பூசி வைத்திருந்த வரிகள் கண்ணில் அடித்தன. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில வகை மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அப்படிப்பட்டவர்களிடம் எண்ணை நம்பாதே. ஆள் எப்படி உணர்கிறார் என்று கேள், பேச முடிகிறதா என்று பார். உழைத்துக்கொண்டிருப்பவரைத் திடீரென்று ஆடாமல் நிறுத்தாதே, ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். எல்லாம் இருந்தது. மார்க் வரும் என்று கேள்விப்பட்டு வரி வரியாக உருப்போட்டு வைத்திருந்தாள். பேருந்தில் நின்றுகொண்டு ஒப்பித்திருக்கிறாள். புத்தகத்தில் இருந்த இதயம் ஒன்று, அக்காவின் நெஞ்சுக்குள் இருந்த இதயம் வேறொன்று என்பதுபோல் இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

சமையலறைக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த அதே வகை.

உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூடத்துக்குப் போனாள். அக்கா மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள்.

"நீ சொன்னது சரிதாண்டி. உக்காந்து உக்காந்து தைச்சு எனக்குச் சோம்பேறித்தனம் ஊறிப் போச்சு. அம்மாவும் அதைத்தானே சொன்னா. கவலைப்படாதே, பரீட்சை அன்னிக்கு உன் மானத்தை வாங்கிட மாட்டேன்."

இல்லைக்கா, உன் மேல் தப்பில்லை, மாத்திரை செய்கிற வேலை அது, என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சுதான். சொன்னால் கடிதம் வேண்டும், கடிதம் வேண்டுமானால் ஆறு மாதம், ஆறு மாதமும் சாவி மேசை.

"பரீட்சை வரைக்கும் பயிற்சி வேண்டாங்க்கா. ரெஸ்ட் எடு," என்றாள். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. "அங்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிடு. சும்மா ஒரு சம்பிரதாயம்."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு," என்றாள் அக்கா.

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருக்கிறதல்லவா? எனக்கும்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்காமலே பாத்திரம் தேய்த்தாள், துணி காயப் போட்டாள், அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள். "என்னடி, திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்று அக்கா சிரித்தபோது எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கும்போது கடைக்காரர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவருக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றியது. அவருக்கு என்ன தெரியும், பாவம், சில்லறை இல்லை என்பது தெரியும். வீட்டில் இருந்தால் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். சத்தம் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பாள். அக்கா நூல் அறுத்துக்கொண்டிருப்பாள்.

வேலை சீக்கிரம் முடிந்து சின்னவள் வந்த சில நாட்களில் அக்காவின் முகம் சிவந்து வேர்த்திருந்தது. கேட்டால், வெந்நீரில் குளித்தேன் என்பாள். அவளுடைய கான்வாஸ் ஷூ அலமாரியில் இல்லாமல் வாசலில் கிடந்ததையும் சின்னவள் பார்த்தாள். அதைப் பற்றியும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில்தான் அவள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுவிட்டாளே.

பரீட்சை ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த அறையில். முதலில் வாய்மொழிக் கேள்வி. அக்கா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். தேர்வாளர் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள், குரலை உயர்த்தத் தேவையில்லாதவர். தசைகளைக் கேட்டார், மூட்டுகளைக் கேட்டார், சின்னவள் மடமடவென்று சொன்னாள். பிறகு அவர் கேட்டார்.

"ஒருத்தர் படி ஏறி இறங்கறார். ரொம்பத் தவிக்கிறார். ஆனா இதயத் துடிப்பு ஏறவே இல்ல. என்ன நினைப்பீங்க, என்ன செய்வீங்க?"

சின்னவளுக்கு வீட்டு மாடிப்படி கண்ணில் வந்தது. வாய் மட்டும் தன் பாட்டுக்குப் பதில் சொன்னது. மாத்திரையாக இருக்கலாம், எண்ணை நம்பக் கூடாது, ஆளைக் கேட்க வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் கடிதம் இல்லாமல் தொடரக் கூடாது. ஒரு சொல் பிசகவில்லை.

"பிரமாதம். இன்னிக்கு இதுக்கு இவ்வளவு தெளிவா யாருமே பதில் சொல்லல," என்றார் அந்த அம்மாள். "உங்க ஆளை வரச் சொல்லுங்க."

அக்கா புது உடுப்பில், தலையை அழுத்தி வாரிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவள் போல் உள்ளே வந்தாள்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கிடையாதுங்க. குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன். குண்டு மட்டும் கொஞ்சம் அதிகம்."

தேர்வாளர் சிரித்துவிட்டார். சின்னவள் சிரிக்க முயன்றாள், உதடு ஒத்துழைக்கவில்லை. கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். மெதுவாகவே நடத்தி முடித்துவிடலாம் என்பது அவள் திட்டம். ஆனால் அக்கா அந்தத் திட்டத்தில் இல்லை. ஏறி இறங்கப் போட்டிருந்த உயரப் பலகையில் கால் வைத்ததும் வேகம் எடுத்தாள்.

"மெதுவாக்கா."

"நீ சும்மா இரு." மூச்சு வாங்கியது. தேர்வாளரைப் பார்த்துச் சொன்னாள். "இன்னிக்கு நம்பர் ஏறும் பாருங்கம்மா. தினமும் மத்தியானம், இவ வேலைக்குப் போன பிறகு, மூணு மாடியும் தனியா ஏறி இறங்கறேன். இவளுக்கே தெரியாது. முன்னாடி நான் சோம்பேறி. அதனாலதான் ஏறல. இவ மேல தப்பில்ல. இவ நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தா."

சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நூறுக்குப் பக்கத்திலேயே நின்றது. பிறகு, முதல் தடவையாக, முகத்தைப் பார்த்தாள். வேர்வை கண்ணில் வழிய, உதடு வெளிறி, ஜெயித்துவிட்டவள் போல் சிரித்துக்கொண்டிருந்த முகம். ஆளில்லாத படிக்கட்டில், பிடிக்க யாரும் இல்லாத நேரத்தில், இந்த உடம்பு ஒவ்வொரு மத்தியானமும் ஏறி இறங்கியிருக்கிறது. விழுந்திருந்தால், வேலை முடிந்து சாயங்காலம் இவள் வந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

"போதுங்க்கா. நிக்காதே, அப்படியே கீழே இறங்கி மெதுவா நட. என் தோளைப் பிடிச்சுக்கோ. மூச்சை நல்லா விடு." நடத்திக்கொண்டே தேர்வாளரிடம் திரும்பினாள். "இவங்க ப்ரஷருக்கு மாத்திரை சாப்பிடறாங்கம்மா. நான்தான் இல்லன்னு சொல்லச் சொன்னேன். பத்து நாள் முன்னாடி என்கிட்ட பயிற்சியில மயங்கி விழுந்தாங்க. அதையும் மறைச்சேன்."

"என்னடி உளர்றே?" அக்கா அவள் கையைக் கிள்ளினாள். "அவளுக்குப் பரீட்சை பயங்க, ஏதோ பேசறா..."

அந்த அம்மாள் எழுந்து வந்து அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, தானே நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடி எனக்குச் சொன்ன பதிலை வீட்ல சொல்லலையா?"

சின்னவள் குனிந்து அக்காவின் ஷூ நாடாவைத் தளர்த்தினாள்.

"இன்னிக்குத் தேர்ச்சி கிடையாது. அது இப்ப முக்கியமும் இல்ல. இவங்களை நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். படியின் முதல் திருப்பத்தில் நின்று, கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, தங்கையைத் திட்டித் தீர்த்தாள். "உனக்கு மூளை இருக்கா? நான் எவ்வளவு அழகா பொய் சொன்னேன்! எல்லாத்தையும் கெடுத்துட்டியே! இன்னும் ரெண்டு படி ஏறியிருந்தா நம்பர் வந்திருக்கும்."

"வராதுக்கா."

"ஏன் வராது?"

"அந்த மாத்திரை உன் துடிப்பை ஏறவிடாது. நீ எவ்வளவு உழைச்சாலும் நம்பர் அங்கதான் நிக்கும். நீ முட்டுதுன்னு சொன்னப்போ நிஜமாவே முட்டிச்சு. நீ சோம்பேறி இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டில் இன்னும் கழற்றாமல் இருந்த கடிகாரத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. ஏதோ பெரிய சுமையை இறக்கி வைத்தவளின் ஆச்சரியம்.

"அப்ப நான் நல்லாத்தான் ஏறியிருக்கேன்."

"நல்லாத்தான் ஏறினே."

பிறகு தங்கையை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

இப்பொழுதுதான் தெரிந்தது, அந்த அம்மாள் கேட்டபோதுதான் தோன்றியது என்று ஒரு பொய் தயாராக வந்து நின்றது. நம்பவும் நம்புவாள். சின்னவள் அதை விழுங்கினாள்.

"நீ விழுந்த அன்னிக்குச் சாயங்காலமே."

அக்கா தலையை ஆட்டினாள். தைத்துக் கொடுத்த துணியை அளவு சரியில்லை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் ஆட்டுவாளே, அந்த மாதிரி.

"கோவத்துல சோம்பேறின்னு சொன்னே பாரு, அதைக்கூட விடுடி. அம்மா சொல்லாததா? ஆனா தெரிஞ்ச பிறகும் என்னை அப்படியே நினைச்சுக்க விட்டியே. ஒவ்வொரு மத்தியானமும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் ஏறினேன்."

சின்னவளுக்கு மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லை. கேட்டால் அக்கா உடனே மன்னித்துவிடுவாள் என்று தெரியும், அதுதான் பயமாக இருந்தது. இரண்டு படி கீழே இறங்கி, அக்காவின் காலடியில் உட்கார்ந்து, கடிகாரத்தின் வாரைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"மூச்சு எப்படி இருக்குக்கா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"ஆமாங்க்கா."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டாள். சின்னவள் காத்திருந்தாள். கீழே தெருவில் டாக்டர் இருக்கும் பக்கம் போகிற பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் முட்டுது," என்றாள் அக்கா கடைசியில்.

"சரி. இருப்போம்," என்றாள் சின்னவள்.